பதினேழாம் கோப்பை யார் திறந்தது?

போன வருசம் நாங்கள் ஒரு வேலை செய்தோம். வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் வயதானவர்களைத் தேடிப்போய், 1995 ஒக்ரோபர் கடைசியில் சனம் ஊரைவிட்டு வெளிக்கிட்ட கதைகளையும் அதற்குப் பிறகு நடந்தவற்றையும் குரல்பதிவாக எடுத்தோம். பாடத்துக்கான ஒப்படையாகத் தொடங்கியது, புள்ளி வந்த பிறகும் நிற்கவில்லை. ஒருவரிடம் கதைத்தால் அவர் இன்னும் இரண்டு பேரைக் கைகாட்டுவார். கடைசியில் 43 பதிவுகள் சேர்ந்துவிட்டன.

எங்கே வைப்பது? எங்களில் ஒருவனின் லப்டொப் ஏற்கெனவே ஒருமுறை செத்துப் பிழைத்தது. அதனால் கிளவுட்டில் ஏற்றினோம். யோசிக்காமல் ஏற்றினோம் என்று நினைக்காதையுங்கோ. கோப்புகளுக்குப் பெயர் வைக்கவில்லை, இலக்கம் மட்டும்தான். ஒவ்வொன்றுக்கும் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டினோம். எந்த இலக்கம் யாருடைய குரல் என்ற பட்டியல் ஒரு சீஆர் கொப்பியில், கையெழுத்தில் இருந்தது. இனி அந்தக் கொம்பனிக்காரனே வந்தாலும் ஒன்றும் விளங்காது என்று எங்களுக்குள் பெருமை.

அந்தப் பகிர்ந்த கோப்புறையில், யார் எதை எப்போது திறந்தார், எதை இறக்கினார் என்று காட்டுகிற ஒரு பக்கம் இருந்தது. எங்களில் ஒருவன் சும்மா தட்டிப் பார்த்திருக்கிறான். 17 ஆம் இலக்கத்தை ஒரே ஆள் பதினொரு தரம் இறக்கியிருந்தாள். எல்லாம் இரவு பதினொரு மணிக்குப் பிறகு. வட்ஸ்அப் குழுவில் அவன் பகிடியாகக் கேட்டான்: "மச்சாள், 17 ல என்ன படமே ஓடுது?" பத்து நிமிசத்தில் அவள் குழுவிலிருந்து வெளியேறினாள்.

அந்தப் பதிவில் கதைத்தவர் யாரைப் பற்றிக் கதைத்தார் என்பதை இங்கே எழுதமாட்டோம். இலக்கத்தையும்கூட மாற்றித்தான் எழுதியிருக்கிறோம். அவளுடைய வீட்டில் ஒரு ஆளைப் பற்றிக் கதைக்கிறதில்லை என்பது மட்டும் எங்களுக்கு முதலே தெரியும். பகிடி விட்டவன் அந்தப் பதிவைக் கேட்டதே இல்லை. அவனுக்குப் பூட்டைத் திறக்கவே தேவைப்படவில்லை. பதினொரு தரம், இரவு, ஒரே ஆள். இந்த மூன்றும் போதுமாக இருந்தது.

இது பெரிய தொழில்நுட்ப விசயம் இல்லை. எங்கட அம்மம்மாமாருக்குத் தெரிந்த விசயம்தான். நகை அடைவு வைக்கப் போகிறவ ஏன் தன் ஊர் பாங்கை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வேறு ஊருக்குப் போகிறா? நகை கைப்பைக்குள் சீலைத்துண்டால் சுற்றிப் பத்திரமாகத்தான் இருக்கிறது. யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை. ஆனால் மகளுக்குச் சம்பந்தம் பேசுகிற மாதத்தில் அவ அந்தக் கவுண்டருக்கு முன்னால் நின்றதைப் பார்த்தால் மிச்சத்தைச் சனம் தானே எழுதிக்கொள்ளும். சந்தியில் நிற்கிறவர் "எங்கை பிள்ளை போறியள்?" என்று கேட்பது கைப்பைக்குள் என்ன இருக்கிறது என்று அறிவதற்கு இல்லை. எங்கே, எத்தனையாம் தரம், எந்த நேரம் என்பது அவருக்குப் போதும். கணினித்துறையில் இதற்கு 'அணுகல் கோலம்' என்று சொல்லலாம் போல. நாங்கள் சந்திக் கண் என்று சொல்லிக்கொள்கிறோம்.

எங்கட ஆவணங்களைப் பற்றிக் கதைக்கும்போது இந்தச் சந்திக் கண் ஏன் ஒருவருக்கும் ஞாபகம் வருவதில்லை என்று யோசித்தோம். யாழ்ப்பாணத்தில் ஆவணம் என்றாலே முதல் பயம் அழிவுதான். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. வேறெங்கும் பிரதியில்லாத ஓலைச்சுவடிகளும் அதற்குள் இருந்தன. அந்த நெருப்பைப் பார்க்காத எங்களுக்கும் 'பிரதி எடு, பல இடத்தில் வை' என்பது பாலோடு ஊட்டின பாடம். 2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் இணையத்தளம் அந்தப் பாடத்தின் பிள்ளை. கணக்கு எதுவும் திறக்காமலே ஈழத்துப் பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் அங்கே வாசிக்கிறோம். அது இல்லையென்றால் எங்கட பாதி ஒப்படைகள் எழுதப்பட்டிரா.

ஆகவே கிளவுட் என்றதும் நாங்கள் இரண்டு கேள்விகள்தான் கேட்கிறோம். தொலைந்து போகுமா? பிறர் வாசிப்பார்களா? முதல் கேள்விக்கு 2023 ஒரு பதில் தந்தது. லங்கா அரச கிளவுட்டைக் கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்கி, அந்த வருசம் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் போயின. இரண்டாவது கேள்விக்கு என்கிரிப்ஷன், அதாவது மறைகுறியாக்கம், ஓரளவு நல்ல பதில்தான். மூன்றாவதாக, நாங்கள் எதைத் திறக்கிறோம் என்பது யாருக்குத் தெரியும் என்று கேட்பதில்லை. பூட்டின பெட்டியைப் பிறரிடம் கொடுத்துவிட்டு, தேவையான பெட்டியை மட்டும் ஒவ்வொரு நாளும் கேட்டு வாங்கினால், பெட்டியை வைத்திருக்கிறவன் எங்களைப் படிக்கத் தொடங்கிவிடுவான்.

எவ்வளவு படிக்கலாம் என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. 2012 இல் இஸ்லாம், குசு, கந்தர்சியோலு என்ற மூன்று ஆய்வாளர்கள், திவாலான என்ரோன் கொம்பனியின் மின்னஞ்சல் தொகுப்பை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மின்னஞ்சல்கள் பூட்டியிருக்கின்றன, தேடுகிற சொல்லும் பூட்டியிருக்கிறது. எந்தத் தேடலுக்கு எந்தக் கோப்புகள் வெளியே போகின்றன என்பது மட்டும்தான் சேர்வருக்குத் தெரியும். எந்தச் சொற்கள் எந்தச் சொற்களோடு சேர்ந்து வரும் என்ற பொது அறிவையும் அதோடு சேர்த்து வைத்து, தேடப்பட்ட சொற்களில் பெரும்பாலானவற்றை அவர்கள் கண்டுபிடித்துக் காட்டினார்கள். ஒரு பூட்டையும் உடைக்கவில்லை.

"இதெல்லாம் அமெரிக்காக் கதை, எங்கட மூஞ்சியை ஆர் பார்க்கப் போறான்?" என்று குழுவுக்குள்ளேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். கொம்பனிக்கு எங்களில் அக்கறை இல்லை என்பதை நாங்களும் நம்புகிறோம். ஆனால் பதிவு ஒன்று எங்கேயோ இருந்தால் அதைக் கேட்டு வருகிறவர் யார் என்பதைக் கொம்பனி தீர்மானிப்பதில்லை. மூன்று வருசத்துக்குத் தற்காலிகம் என்று 1979 இல் கொண்டுவந்து, பிறகு நிரந்தரமாக்கிய பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்தான், மன்னாரைச் சேர்ந்த இளம் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் 2020 மே மாதம் கைதானார். 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுதியும் அவருக்கு எதிரான விசயமாக இருந்தது. ஒன்றரை வருசத்துக்கு மேல் உள்ளே இருந்து, 2021 டிசெம்பரில் பிணையில் வந்து, 2023 டிசெம்பரில்தான் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. எழுதினவருக்கு இது. அந்தப் புத்தகத்தை வாசித்தவர்களின் பட்டியல் ஒன்று அப்போது எங்கேயாவது இருந்திருந்தால்? நல்லவேளை, அச்சுப் புத்தகம் கையிலிருந்து கைக்குப் போகும்போது தன்னை யார் திறந்தார்கள் என்று குறித்து வைப்பதில்லை.

பழைய நூலகர்கள் இதை எங்களைவிட நன்றாக யோசித்திருக்கிறார்கள். 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில் நினா பிரவுண் என்ற அமெரிக்க நூலகர் புத்தகம் இரவல் கொடுக்க ஒரு முறையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு சின்ன அட்டை. ஒவ்வொரு வாசகருக்கும் பை போன்ற சின்ன ரிக்கற். புத்தகம் வெளியே போகும்போது அட்டையை ரிக்கற்றுக்குள் செருகி, திகதி வாரியாகத் தட்டில் அடுக்குவார்கள். புத்தகம் திரும்பி வந்ததும் அட்டை புத்தகத்துக்கு, ரிக்கற் வாசகருக்கு. அதோடு சரி. யார் என்ன வாசித்தார் என்ற சுவடே நூலகத்தில் மிஞ்சாது. இதற்குப் போட்டியாக இருந்த நியூவார்க் முறையில் வாசகரின் இலக்கத்தைப் புத்தக அட்டையிலேயே எழுதுவார்கள். புத்தகம் திரும்பினாலும் அந்த வரி அட்டையில் இருக்கும். இரண்டுமே புத்தகத்தைப் பாதுகாத்தன. பிரவுண் முறை வாசகரை மறந்தும் விட்டது. அவர் இரகசியத்தை நினைத்துத்தான் அப்படிச் செய்தார் என்று நாங்கள் சொல்லவரவில்லை. தட்டில் இடம் மிச்சம், வேலை சுருக்கம் என்பதும் காரணமாக இருக்கலாம். ஆனால் மறப்பது அந்த முறைக்குள்ளேயே இருந்தது.

இப்போது இருக்கிற சேர்வர்கள் நியூவார்க் முறையின் பேரப்பிள்ளைகள். எந்த இணையத்தளத்தை யார் நடத்தினாலும், எந்த இணைப்பிலிருந்து எந்தப் பக்கம் கேட்கப்பட்டது என்று ஒரு பதிவு வழமையாகவே விழும். முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருந்தால், நடுவில் இருக்கிற இன்ரநெற் கொம்பனிக்குத் தளத்தின் பெயர் மட்டும்தான் தெரியும், பக்கம் தெரியாது. ஆனால் இறங்கின கோப்பின் அளவு தெரியும். ஒரு தளத்தில் சரியாக அந்த அளவில் ஒரே ஒரு புத்தகம்தான் இருக்கிறது என்றால், பக்கத்தை மறைத்து என்ன பயன்?

சரி, மறைக்க வழி இருக்கா? இருக்கிறது. அதுவும் நாங்கள் பிறக்க முதலே இருக்கிறது. ஓடெட் கோல்ட்ரைக் என்ற கணினி அறிஞர் 1987 இலேயே இதைப் பற்றி எழுதினார். பிறகு ரஃபைல் ஒஸ்ற்ரோவ்ஸ்கியும் அவரும் சேர்ந்து 1996 இல் விரிவாக எழுதினார்கள். பெயர் 'ஒப்ளிவியஸ் ரேம்', சுருக்கமாக ஓரேம். எதை எடுத்தாய் என்று களஞ்சியத்துக்கே தெரியாத களஞ்சியம் என்று விளங்கிக்கொள்ளலாம். 2013 இல் எமில் ஸ்ரெஃபானோவ், இலேன் ஷி முதலானவர்கள் 'பாத் ஓரேம்' என்று எளிமையான ஒரு வடிவம் கொடுத்தார்கள். கலைப்பீடத்துக்காரர் எங்களுக்கே அது விளங்கினது என்றால் பாருங்கோ.

ஒரு மரத்தை நினையுங்கோ. பனை வேண்டாம், பனைக்குக் கொப்பு இல்லை. ஒரு பெரிய மாமரம். ஒவ்வொரு கணுவிலும் நாலு பூட்டின பெட்டி தொங்குது. ஒவ்வொரு கணுவும் இரண்டாகப் பிரிந்து மேலே போகும். எங்கட பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு நுனிக்கொப்பு குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த நுனிக்கும் அடிமரத்துக்கும் நடுவில் ஏதோ ஒரு கணுவில் அது இருக்கும். எந்தப் பெட்டிக்கு எந்த நுனி என்ற கொப்பி எங்களிடம் மட்டும். ஒரு பெட்டி வேண்டுமென்றால், அடியிலிருந்து அந்த நுனி வரைக்கும் வழியிலுள்ள பெட்டிகள் எல்லாவற்றையும் இறக்குவோம். தேவையானதைப் பார்ப்போம். பிறகு அதற்குச் சீட்டுக் குலுக்கி வேறொரு நுனியைக் குறித்து, எல்லாப் பெட்டிகளுக்கும் புதுப் பூட்டுப் போட்டு, அதே வழியில் பொருந்துகிற கணுக்களில் திரும்பத் தொங்கவிடுவோம். பொருந்தாதது ஒன்றிரண்டு இருந்தால் மடியில் வைத்திருப்போம். தோட்டக்காரன் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாலும் அவனுக்குத் தெரிவது, யாரோ ஏதோ ஒரு கொப்பை இறக்கி ஏற்றினார்கள் என்பதுதான். நாளைக்கு அதே பெட்டியை எடுக்க வந்தால் வேறொரு கொப்பு. பதினொரு தரம் வந்தாலும் சம்பந்தமில்லாத பதினொரு கொப்பு.

செலவு இருக்கிறது. பத்து லட்சம் பெட்டி இருந்தால் மரத்துக்கு ஏறத்தாழ 20 தட்டு. ஒரு பெட்டிக்காக 80 பெட்டியை இறக்கி 80 ஐ ஏற்ற வேண்டும். மாதம் முடிய முதலே டேற்றா முடிகிற ஹொஸ்ரல் பிள்ளையிடம் போய், உன்னுடைய ஒரு எம்பிக்கு இனி 160 எம்பி என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. இன்னும் கெட்டிக்காரர் வந்து இந்தச் செலவை இல்லாமலே ஆக்கிவிடுவார்கள் என்றும் இல்லை. களஞ்சியம் பெருக்கப் பெருக்க மடக்கை அளவிலாவது செலவு கூடியே ஆகும் என்று 2018 இல் லார்சன், நீல்சன் என்ற இருவர் கணிதமாகவே நிறுவிவிட்டார்கள். மறைப்பதற்கு ஒரு விலை உண்டு, அதை யாராவது கொடுக்க வேண்டும். சிக்னல் செயலிக்காரர் 2022 இல் அந்த விலையைத் தாங்களே கொடுத்தார்கள். உங்கள் போனில் உள்ள எந்த இலக்கங்கள் சிக்னலில் இருக்கின்றன என்று தேடும்போது, எதைத் தேடினீர்கள் என்பது தங்கள் சேர்வருக்கே தெரியாமலிருக்க, பாதுகாப்பான வன்பொருளோடு இந்தப் பாத் ஓரேமையும் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். இலாப நோக்கமில்லாத ஒரு அமைப்பால் முடிகிறது. உலகத்தின் பெரிய கொம்பனிகளின் பகிர்வுக் கோப்புறைகளில் இது ஏன் சாதாரண வசதியாக இல்லை என்று கேட்க வேண்டியவர்கள் பாவனையாளர்கள்தான். நாங்கள் கேட்பது இடம் எத்தனை ஜிபி இலவசம் என்பது மட்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஓரேம் எதை எடுத்தாய் என்பதை மறைக்கும். எப்போது வந்தாய், எத்தனை தரம் வந்தாய் என்பதை மறைக்காது. இரவு பதினொரு மணி அப்படியே தெரியும்.

எங்கட விசயத்துக்கு வருவோம். 43 பதிவுக்கு இந்த மாமரத்தை நட்டால் என்ன ஆகும் என்று கொப்பியில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஏழு தட்டு, ஒவ்வொன்றிலும் நாலு. 28 ஐ இறக்கி 28 ஐ ஏற்ற வேண்டும், மொத்தம் 56. இருக்கிற பதிவே 43 தான்! முழுவதையும் இறக்கிவிடுவது அதைவிட மலிவு. முழுவதையும் இறக்குகிறவரைப் பார்த்து நீ எதற்காக வந்தாய் என்று யாரும் ஊகிக்க ஏலாது. இதுவும் நாங்கள் கண்டுபிடித்த ஒன்றில்லை. தரவு ஒரே ஒரு இடத்தில் மட்டும் இருந்தால், எவ்வளவு பெரிய கணினி வந்தாலும் உடையாத இரகசியத்துக்கு முழுவதையும் இறக்குவதற்குக் கிட்டத்தட்ட ஈடான செலவு தவிர்க்க முடியாதது என்று 1995 இல் ஷோர், கோல்ட்ரைக், குஷிலேவிட்ஸ், சூடான் என்ற நால்வர் நிறுவியிருக்கிறார்கள். தங்களுக்குள் கதைத்துக்கொள்ளாத இரண்டு மூன்று இடங்களில் பிரதி இருந்தால் செலவைக் குறைக்கலாம் என்றும் அதே ஆய்வு காட்டுகிறது. 1995 என்றதும் எங்களுக்கு வேறு ஞாபகம்தான் வரும். ஆனால் பிரதிகள் பல இடத்தில் இருக்கட்டும் என்ற எங்கட ஊர்ப் பாடத்துக்கு இப்படியும் ஒரு பயன் இருப்பதைக் கண்டபோது கொஞ்சம் சந்தோசமாகத்தான் இருந்தது.

ஆகவே எங்கள் கருத்து இது. குடாநாட்டில் இப்போது எத்தனையோ சின்னச் சின்னக் குழுக்கள் வாய்மொழி வரலாறு எடுக்கின்றன, காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களிடம் கதை கேட்கின்றன, கோயில் ஆவணங்களையும் பழைய கடிதங்களையும் ஸ்கான் பண்ணி வைக்கின்றன. இவை பெரும்பாலும் ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க்குக்குள் அடங்கும். இவற்றை ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்க்கிற பகிர்வுக் கோப்புறையில் வைக்காதையுங்கோ. முழுவதையும் ஒரே பொதியாகக் கட்டி, ஒரே பூட்டுப் போட்டு வையுங்கோ. வேண்டியவர் பொதியையே எடுக்கட்டும். வேண்டாதவரும் எடுக்கட்டும், அதுதான் முக்கியம். அவள் மட்டும் பொதியை எடுத்தால் அதுவும் ஒரு அடையாளம்தான். ஊரில் எல்லோரும் இரண்டு பஸ் மாறிப் போகிற பழக்கம் இருந்தால் ஒருவரையும் பார்த்து ஒன்றும் எழுதிக்கொள்ள ஏலாது. பெரிய நூலகங்களுக்கும் இதில் ஒரு பகுதி பொருந்தும். ஒரு சஞ்சிகையின் இதழ்கள் முழுவதையும் ஒரே இறக்கத்தில் தருவது, பதிவுகளைக் குறிப்பிட்ட நாளில் அழிப்பது, முழுச் சேகரத்தின் பிரதியைப் பல்கலைக்கழகங்களிலும் பாடசாலைகளிலும் இணைப்பில்லாமலே வாசிக்க வைப்பது. அதற்குப் பணமும் ஆளும் வேண்டும் என்பது தெரியும். கேட்கிற எங்களில் நாலு பேராவது ஸ்கானருக்கு முன்னால் போய் இருக்கத் தயாராக வேண்டும் என்பதும் தெரியும்.

இதில் எங்களுக்குத் தீராத ஒரு சண்டை இருக்கிறது. பொதி முழுவதும் உன் கையில் இருந்தால், உன் கையைச் சோதிக்கிறவனுக்கும் முழுவதும் கிடைக்கும். 2019 மே மாதம் எங்கட கம்பஸிலேயே தேடுதல் நடந்து, மாணவர் ஒன்றிய அறையில் இருந்த படங்களுக்காகத் தலைவரும் செயலாளரும் கைதானதை மறந்துவிட்டு, எல்லோரும் பென் ட்ரைவோடு திரியுங்கோ என்று சொல்ல ஏலாது. எங்களில் பாதிப்பேர் பொதி கிளவுட்டிலேயே இருக்கட்டும், கேட்டுவிட்டு அழிப்போம் என்கிறார்கள். மற்றப் பாதி, மூன்று வீட்டில் மூன்று டிஸ்க், வேறொன்றும் வேண்டாம் என்கிறது. இரண்டு பக்கத்திலும் சரி இருக்கிறது. இப்போதைக்கு இரண்டையும் செய்கிறோம். கதை சொன்னவர்களில் சிலரிடம் திரும்பப் போய், எது விருப்பம் என்று கேட்கவும் தொடங்கியிருக்கிறோம். முதலில் அவர்களிடம் கேட்டிருக்க வேண்டும். ஒரு ஐயா, "நான் சொன்னதை எல்லாரும் கேக்கட்டும் தம்பி, ஆனா ஆர் கேட்டதெண்டு ஒருத்தரும் எழுதி வைக்கக்கூடாது" என்றார்.

பழைய கோப்புறையை அழித்துவிட்டோம். பகிடி விட்டவன் அவளிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டான். அவள் குழுவுக்குத் திரும்பி வர இரண்டு மாதம் எடுத்தது. போன வெள்ளிக்கிழமை திருநெல்வேலியில் வழமையாகக் கூடுகிற தேத்தண்ணிக் கடையில் எல்லோருக்கும் பொதியைக் கொடுத்தோம், ஒன்றரை ஜிபி. தன்னிடம் ஏற்கெனவே எல்லாம் இருக்கு, வேண்டாம் என்று ஒருவன் சொன்னான். அவனையும் எடுக்க வைத்தோம்.